அரசு போட்டது, மெஷின் எடுத்தது

பல் சொத்தையைத் தடுக்கக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்க மலேசிய அமைச்சரவை 1972இல் ஒப்புதல் தந்தது. மலாக்கா மாநிலம் கலந்தது, கிளந்தான் மாநிலம் 1995இல் நிறுத்திக்கொண்டது. லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். மலாக்காவின் செங் வட்டாரவாசிகள் நாம் அதையும் விடுவோமா? தவணையில் 'ஆர்.ஓ.' மெஷின் வாங்கி, அரசு போட்டதைப் பெரும்பாலும் வடிகட்டிவிட்டு, அந்தப் புனித நீரில் தே தாரிக் ஆற்றுகிறோம். அதில் இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்தால் கடைசிச் சொட்டு வரை நிமிர்த்துவதில்லை. பிறகென்ன, கடைவாய்ப் பல் குடைகிறது. அரசு பல் கிளினிக்கில் கட்டணம் சொற்பம்தான். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி வரிசையில் நின்று, "இந்த மாநில அரசு மக்களுக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்கிறோம். கேளுங்கள், தப்பில்லை. வீட்டுக்குப் போனதும் பற்பசை டியூபைத் திருப்பி, அதிலாவது ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள்.