குறிஞ்சிக் கடற்படை: ஒரு திணைமயக்க ஆய்வு

கப்பல் நெய்தலுக்கு உரியது. ஜவ்வாது மலையோ குறிஞ்சி. எனவே ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் போர்க்கப்பல் விடுவது தகுமா என்ற வினா எழுகிறது. யாருக்கு எழுகிறது என்று கேட்க வேண்டாம்; ஆய்வாளருக்கு எழுந்தால் போதும்.

முன்னோர் சான்று உண்டு. கி.பி. 52-இல் ரோமப் பேரரசர் கிளாடியஸ், மலைகள் சூழ்ந்த ஃபுசினோ ஏரியில் 19,000 பேரை ஏற்றிக் கப்பற்போர் நடத்தி வேடிக்கை பார்த்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார். ஆக, திணை அன்றே மயங்கிவிட்டது.

ஆளே ஏறாமல், கரையில் நின்று மாதிரிக் கப்பலை ரேடியோவில் ஓட்டும் போர்முறையை வகுத்தவர்கள் அமெரிக்கர்கள். அசல் கப்பலை 144-இல் ஒரு பங்காகக் குறுக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் 118 மீட்டர். குறுக்கினால் 82 சென்டிமீட்டர். போளூரில் பஸ் ஏறி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் யமட்டோ குறுகியும் 1.83 மீட்டர், அதற்குக் கண்டக்டர் லக்கேஜ் போடாமல் விடமாட்டார்.

பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பால்சா பலகை. (தஞ்சாவூர் நெட்டி இதற்குத் தாங்குமா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது.) கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் பீரங்கி 4.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டைத் துப்பும். ஓட்டை விழும், தண்ணீர் புகும், குட்டி பம்ப் இறைத்துக் கொட்டும். பம்ப் தோற்றால் கப்பல் அடியில். நூலில் கட்டிய மிதவை மட்டும் மேலே வந்து இடத்தைக் காட்டும். உரிமையாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கிவர வேண்டும். ஆகவே இடுப்பளவுக்கு மேல் ஆழம் ஆகாது.

பிறகு ஓட்டை எண்ணும் படலம். நீர்மட்டத்துக்கு மேலே என்றால் 10 புள்ளி, மட்டத்தில் 25, கீழே 50. தொல்காப்பியர் தமிழை மூன்று அதிகாரமாக வகுத்தார். இவர்கள் ஓட்டையை வகுத்தார்கள்.

மெல்லிய தாள், பசை, பெயின்ட் கொண்டு அடைத்ததும் கப்பல் மறுபடி களம் புகும். சுடுவது சில நிமிடம். ஒட்டுவது மாலை முழுக்க. இதைக் கடற்போர்க் கலை என்பதைவிடப் பஞ்சர்க் கலை எனத் துணிவதே பொருத்தம்.

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அதே மலையில் பெரியதைச் சிறிதாக்கிப் பார்ப்பதற்கு எவரும் மறுப்புச் சொல்ல முடியாது. பரிந்துரை: ஏரி தகும். கரைக்கு வருவோர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வருக. இரும்புக் குண்டு ஆய்வாளரென்றும் வேடிக்கை பார்ப்பவரென்றும் பேதம் பார்ப்பதில்லை.