வழுக்குமரத்தில் யாரும் ஏறுவதில்லை: ஒரு கருதுகோளும் அதன் நிறுவலும்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு தொடாத பொருள் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. இருந்தும், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு எண்ணெய் பூசிய மரத்தில் தாவி, கண்மூடித் திறப்பதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் மனிதனைப் பற்றி நம் அறிஞர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: கிருஷ்ண ஜெயந்திக்கும் பொங்கலுக்கும் ஊர் நடுவே நடப்படும் மரங்கள் மட்டும். கட்சிகளுக்குள் ஏறுவோர், இறங்குவோர் இதில் அடங்கார்.

கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வழுக்குமரத்தில் யாரும் ஏறுவதில்லை. முதலில் வருகிறவர்கள் துடைக்கிறார்கள். கடைசியில் வருகிறவன் துடைத்த மரத்தில் ஏறுகிறான். விடாமுயற்சி ஒரு கூட்டத்துடையது, உச்சியில் கட்டிய பண முடிப்பு வேறொருவனுடையது.

இனி மரத்துக்கு வருவோம். தஞ்சை மாவட்டம் வரகூரில் உறியடி உற்சவத்தோடு வழுக்குமரமும் உண்டு. நாராயண தீர்த்தரின் ‘கிருஷ்ண லீலா தரங்கிணி’யோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் என்பதால் அங்கே பஜனைக்கு நடுவே வழுக்குவார்கள். மற்ற ஊர்களில் குழாய் ஸ்பீக்கருக்கு நடுவே வழுக்குவார்கள். உராய்வைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. பட்டை உரித்து, கணு செதுக்கி, வழவழவென்று இழைத்த நெடுமரம். 30 அடிக்குக் குறைந்தால் ஊருக்கு இழுக்கு. பூச்சில்தான் கமிட்டியின் மூளை இருக்கிறது. விளக்கெண்ணெய், சோற்றுக் கற்றாழை, கேழ்வரகுக் கூழ் என்று ஆளுக்கொரு பக்குவம் வைத்திருப்பார்கள். அதை மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

விளக்கெண்ணெயை லேசாக எண்ணிவிடக் கூடாது. முதல் உலகப்போரில் பறந்த விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கே அதைத்தான் ஊற்றினார்கள். தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பு. ஆனால் 25 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு 40 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். உச்சி வெயிலில் எண்ணெய் தானாகவே வழிந்து மரத்தடி மண்ணுக்குச் சேரும். கற்றாழைச் சோறு வேறு ஜாதி. நூற்றுக்கு 98 பங்குக்கும் மேல் தண்ணீர். ஈரம் உள்ளவரை கையில் நிற்காது, காய்ந்தால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கற்றாழை பூசிய ஊரில் ஏறுகிறவன் மேல் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீரை வீசுவது குறும்பல்ல, பராமரிப்புப் பணி. விளக்கெண்ணெய் பூசிய ஊரிலும் வீசுகிறார்கள். அது எண்ணெயை ஒன்றும் செய்யாது. ஏறுகிறவனின் மூக்கைத்தான் செய்யும்.

அடுத்தது கோட்பாடு. உராய்வு, அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று 1699இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னவர் கியோம் அமோந்தோன். நம் ஆட்களோ நெஞ்சு, வயிறு, கன்னம் என்று உடம்பு மொத்தத்தாலும் மரத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். வீண் வேலை என்றிருப்பார் அமோந்தோன். ஆனால் நடுவில் எண்ணெய்ப் படலம் வந்துவிட்டால் கதையே வேறு. 1902இல் ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்டு ஸ்ட்ரிபெக் எந்திரங்களின் தாங்கிகளைச் சோதித்து வெளியிட்டது இது: மெல்ல நகர்ந்தால் படலம் நசுங்கி ஒதுங்கும், பரப்போடு பரப்பு உரசும்; வேகம் கூடினால் எண்ணெய் உள்ளே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும், உராய்வு சரிந்துபோகும். வழுக்க ஆரம்பித்தவன் பாதியில் நிற்காமல் தரைக்கே வந்து சேர்வதன் ரகசியம் இதுதான். “அவசரப்படாதடா, அமுக்கிப் புடிச்சு நில்லு” என்று கீழேயிருந்து கத்தும் பெரியவர் ஸ்ட்ரிபெக் வரைகோட்டைத்தான் விளக்குகிறார், சபையில் சொல்லக் கூடாத இரண்டு சொற்களைச் சேர்த்து.

முதல் ஆளைக் கவனியுங்கள். இடுப்பில் துணிப்பை, அதில் அடுப்புச் சாம்பல். (சாம்பலா மணலா என்பதில் இரு மரபுகள் உண்டு. சாம்பல் எண்ணெயைக் குடிக்கும். ஆற்றுமணல் உரசலைக் கூட்டும். மரத்தூள் இரண்டையும் ஓரளவு செய்யும், ஆனால் அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணில் கொட்டும்.) ஒரு கையால் பிடித்து மறு கையால் பையைத் துழாவும் அந்த நொடியில்தான் அவர் இறங்குகிறார். இறங்கியவரின் பனியனைப் பார்த்தால் தெரியும்: மரத்திலிருந்த எண்ணெய் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாம்பலோடு குழைந்து நெஞ்சில் ஏறியிருக்கும். கூட்டம் இதைத் தோல்வி என்று சிரிக்கிறது. ஆய்வாளன் பனியனைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான். இப்படி ஒவ்வொருவரும் மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட ஒருவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். மற்றவர்கள் மரத்தடியில் புரளும்போது அவன் அன்னதானப் பந்தியில் முதல் வரிசையில் இருப்பான். பாயசம் வரை பார்த்துவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, நிழலில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் வருவான். போட்டியில் கற்பனை வளம் என்று ஏதாவது இருக்குமானால், அது அந்த மடித்த சட்டையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. சிக்கல் ஒன்று உண்டு. எல்லோரும் இப்படிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் மரம் பூசியபடியே நிற்கும். நல்லவேளையாக, போன வருஷம் சபதம் போட்டவர், கூட்டத்தில் அத்தை மகள் நிற்பதைப் பார்த்துவிட்டவர் என்று முதல் ஆளாகத் தாவுவதற்கு ஊருக்கு ஒருவர் கிடைத்துக்கொண்டே இருக்கிறார்.

தனியாள் முயற்சி ஓய்ந்தபின் தோள்மேல் தோள் ஏறும் படலம். கனத்தவர் கீழே, ஒல்லியானவன் மேலே. அங்கே நடக்கும் உரையாடல் ஆய்வுக்கு உகந்தது.

“மாமா, உங்க தோளு வழுக்குது.”

“மரத்தைக் கட்டிப் புடிச்சிருக்கேன்டா, பின்ன தார் ரோடா இருக்கும்? காதை விடு, காதை விடு!”

இந்தோனேசியாவில் ஆகஸ்ட் 17, சுதந்திர தினத்தன்று இதே காட்சியைப் பார்க்கலாம். பாக்கு மரத்தை நட்டு, எண்ணெய் பூசி, உச்சியில் சைக்கிள் முதற்கொண்டு தொங்கவிடுகிறார்கள். குழுவாக ஏறுகிறார்கள், கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மால்டாவில் செயின்ட் ஜூலியன்ஸ் ஊர்த் திருவிழாவில் மரத்தைச் சாய்த்துக் கடலுக்கு மேல் நீட்டிவிடுகிறார்கள். கொடியைப் பறிக்க ஓடுகிறவன் வழுக்கினால் தண்ணீரில் விழுவான். தரையில் விழுவதுபோல அடி படாது. நம் ஊரில் விழுகிறவன் அடுத்தவன் தலையில் விழுகிறான், அவனும் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரனாக இருக்கிறான்.

கமிட்டியையும் விட்டுவிட முடியாது. மரம் சீக்கிரம் வீழ்ந்தால் கூட்டம் கலைந்துவிடும், கடலை வண்டிக்காரர் முதல் நன்கொடையாளர் வரை எல்லோருக்கும் மனத்தாங்கல். இருட்டும்வரை வீழாவிட்டால் அபசகுனம். அதனால் தண்ணீர் வீசுகிற பையன்களைக் கமிட்டித் தலைவர் கண் ஜாடையிலேயே நடத்துவார். சாயரட்சை நெருங்க நெருங்க வாளி சிறியதாகும். பந்திக்காரனின் சாமர்த்தியத்தில் பாதி இந்த வாளிக்குச் சேர வேண்டியது.

ஆய்வு என்றால் பரிந்துரை வேண்டும். முடிப்பில் ஒரு பங்கை முதலில் ஏறி இறங்கியவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்துக் கமிட்டித் தலைவரிடம் வாய்மொழியாகச் சமர்ப்பித்தேன். பனியன் கணக்கையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“விளக்கெண்ணெய் விக்கிற விலையில நாங்க வாங்கிப் பூசுறோம். உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் ஓசியில தேய்ச்சுக்கிட்டுப் போறானுங்க. நியாயமாப் பார்த்தா அவனுங்கதாம்ப்பா எங்களுக்குக் காசு குடுக்கணும்.”