பிள்ளைகளின் படிப்பு ஆசையை அணைப்பது எப்படி?

அறிஞர் அண்ணா பிறந்து படித்த காஞ்சிபுரத்தில் இது கொஞ்சம் கடினமான வேலைதான். ஆனால் வயது பார்த்து, ஆணா பெண்ணா என்றும் பார்த்துச் செய்தால் எந்த வீட்டிலும் பலிக்கும்.

1. ஐந்து முதல் எட்டு வயது: இந்த வயதில் மகனும் மகளும் வீட்டுப் பட்டுத் தறியைப் பார்த்து ஒரே மாதிரி நச்சரிப்பார்கள். "ஜக்கார்டு அட்டையில ஓட்டை எதுக்கு? புட்டா எப்படி சேலையில வருது?" என்பார்கள். பதில் சொன்னால் கணக்கு பிடித்துப்போகும் அபாயம் உண்டு. "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டிவிடுங்கள். ஆசையாகப் படம் வரையும் பிள்ளையிடம், "வரைஞ்சா பரிசு" என்று சொல்லிவையுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் இதைச் சோதித்து 1973-ல் வெளியிட்டார்கள். பரிசு உண்டென்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

2. ஒன்பது முதல் பன்னிரண்டு: பள்ளி விட்டதும் மகள் தார் சுற்றட்டும், தண்ணீர் பிடிக்கட்டும், தறியில் கோர்வைக்கு நாடா தள்ளட்டும். மகன் கிரிக்கெட் ஆடட்டும். யாராவது கேட்டால், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்று 2016 குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமே சொல்கிறதே என்று வாயை அடைத்துவிடுங்கள்.

3. பதின்மூன்று முதல் பதினைந்து: மகள் தொண்ணூறு வாங்கினால், "மனப்பாடம் பண்ணி எழுதியிருப்பா." மகன் நாற்பது வாங்கினால், "மூளைக்காரன், உக்காரத்தான் மாட்டேங்கிறான்." இருவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். தன் மூளை மேல் அவளுக்கு நம்பிக்கை போகும். உழைக்கவேண்டிய அவசியம் அவனுக்கு இராது.

4. பதினாறு, பதினேழு: மகனுக்கு ஒரகடம் கம்பெனிச் சம்பளத்தைக் காட்டுங்கள். மகளிடம், "மார்க் குறைஞ்சா மாப்பிள்ளை பாத்துடுவோம்" என்று சொல்லுங்கள். ஆசையில் அல்ல, பயத்தில் விழுந்து விழுந்து படிப்பாள். 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.70 சதவீதம், மாணவர் 93.16 சதவீதம் தேர்ச்சி. ஏன் என்று யாராவது கேட்டால், "பொம்பளப் பிள்ளைகளுக்கு இயல்பாவே படிப்பு வரும்" என்று சொல்லி மேலே யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

5. கல்லூரி: புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன, மாதம் ஆயிரம் ரூபாய் அரசு உதவித்தொகை. அதைச் சீட்டுக்குக் கட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை: வீட்டுவேலையை இருவருக்கும் சமமாகப் பிரித்தாலோ, "இன்னைக்கு என்ன புரிஞ்சுது?" என்று இருவரையும் ஒரே குரலில் கேட்டாலோ, மேலே சொன்ன ஐந்து வழியும் பலிக்காது. மகனுக்கும் மகளுக்கும் நாம் வைக்கும் அளவுகோல்தான் வேறு. ஐந்து வயதில் இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.