வில்லங்கம் உயிரோடு இருக்கிறது

காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டை முழுசாக வாங்க ஆசைப்படுபவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கால்வலியை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். பங்காளிகள் பட்டியலைப் படித்தால் போதும், அதற்கே பொழுது சாய்ந்துவிடும். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிக் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை. அறை ஒன்றுதான்; அதற்கு இன்று உரிமைக்காரர்கள் ஒரு வேன் நிறைய. தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. நியாயம்தான், தரகருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். "அண்ணே, வில்லங்கச் சான்றுல ஒண்ணுமே இல்ல!" என்பார் அவர். உண்மை. வில்லங்கமெல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும் உயிரோடு இருக்கிறது. அதில் ஒருவர், "எனக்குக் காசும் வேண்டாம், கையெழுத்தும் போடமாட்டேன்" கட்சி.

கடைசியில் எல்லோரும் ஒத்துப்போவது இடிப்பதற்குத்தான். பர்மா தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வண்டியேறும். நிலைக்கதவில் செதுக்கிய கஜலட்சுமி, விலைச்சீட்டோடு சுவரில் சாய்ந்து நிற்பாள். தூணுக்கு யாரும் தாய்ப்பத்திரம் கேட்பதில்லை. அதே தூண்களை நட்டு எங்கோ ஒரு 'பாரம்பரிய' ரிசார்ட் எழும்பும். வாடகை கொடுத்து அங்கே ஒரு ராத்திரி தங்கி, தூணோடு செல்ஃபி எடுப்பவர்களில் நம் பங்காளிகளும் இருப்பார்கள்.