அக்னி மூலையில் 200 ஆம்பியர்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் பட்டறை சாரோடு கிரிவலம் கிளம்புகிறவருக்குப் புண்ணியம் இரட்டிப்பு. 14 கிலோமீட்டர் நடந்த பலன் ஒன்று, அந்தத் தூரம் முழுக்க அவர் பேச்சைக் கேட்ட பலன் இன்னொன்று. இந்திர லிங்கத்தருகே "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். அக்னி லிங்கத்தில் மோட்டார்களின் குதிரைசக்தி, எம லிங்கத்தில் ஷாக் அடித்துப் போனவர்கள் கதை, வருண லிங்கத்தில் எர்த் குழியின் ஈரம், குபேர லிங்கத்தில் எஸ்டிமேட். ஈசான்ய லிங்கத்துக்கு வந்து சேரும்போது சந்தேகம் மட்டும் கிளம்பிய இடத்திலேயே இருக்கும்: "மெயின் போர்டை எந்தச் செவுத்துல வெக்கலாம்?"

பட்டறை சார் ஒரே ஆள் இல்லை. வேங்கிக்காலில் ஒருவர், போளூர் ரோட்டில் ஒருவர், தண்டராம்பட்டு ரோட்டில் இருவர் என்று எந்தப் பக்கம் போனாலும் தென்படுகிற இனம். அரசு வேலையிலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. அதில் மரவேலை செய்யப் போவதாக ஒரு சங்கல்பம். ஜி.டி. நாயுடுவை இழுக்காமல் அவர் பேச்சு முடியாது. 1937இல் நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்து காட்டினார்களே, அவர்கள் வயரிங்கைப் பற்றி யோசிக்காமலா இருந்திருப்பார்கள் என்பார். யோசித்திருப்பார்கள்தான். மோட்டாரையும் செய்தார்கள் என்பதை மரியாதை கருதி யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

இந்த மின்ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது? 2008இல் ஆரம்பித்து 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுதான் பெரும்பாலான தமிழ்நாட்டு ஆண்களுக்கு எலக்ட்ரிக்கல் கல்லூரி. இன்வெர்ட்டர், பேட்டரி, எந்த ஃபேஸில் எந்த வீடு என்பதெல்லாம் அந்த இருட்டில் உட்கார்ந்து கற்றவை. இன்றும் மின்சாரம் போனால் சார் முதலில் வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பார். தேரோட்டத்தன்று மட்டும்தான் கரண்ட் போனதற்குக் கோபப்பட மாட்டார்.

மேற்படிப்பு யூடியூபில். அமெரிக்காக்காரர்கள் கார் நிறுத்துகிற கொட்டகையில் தச்சுப்பட்டறை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேனல் பெட்டியைப் பற்றியே பேசுவார்கள். அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். ரம்பத்துக்கு 240 வோல்ட் இழுத்துவிட்டால் பெருமை தாங்காது. நம்மூரில் சட்னி அரைக்கிற மிக்சிக்கே 230 வோல்ட் வருகிறது. சார் அதைக் கவனிக்கவில்லை. '200 ஆம்ப் சர்வீஸ்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஈ.பி. ஆபீசுக்குப் போனார். 240ஐ 200ஆல் பெருக்கினால் 48 கிலோவாட். பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ரைஸ் மில்லா சார்?"

சார் சளைக்கவில்லை. ரம்பம் 2 ஹெச்.பி., இழைப்பு மெஷின் 2, கம்ப்ரசர் 2, கடைசல் மெஷின் 1, தூசி உறிஞ்சுவது 1. ஆக மொத்தம் 8. ஒரு ஹெச்.பி. 746 வாட், கிட்டத்தட்ட 6 கிலோவாட். "நாலு கிலோவாட் தாண்டினாலே த்ரீ ஃபேஸ்தானே?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் அந்த நோட்டைப் பொறுமையாகப் படித்தார். "ஏன் சார், அஞ்சு மெஷினையும் ஒண்ணா ஓட்டுவீங்களா?"

"இல்லப்பா, ஒண்ணு ஒண்ணாத்தான்."

"கை ரெண்டுதானே சார் இருக்கு? ரம்பமும் தூசி மெஷினும் ஓடினா ரெண்டேகால் கிலோவாட். அதுக்கு இருக்கிற சிங்கிள் ஃபேஸே போதும்."

நியாயமான பேச்சு. ஆனால் த்ரீ ஃபேஸ் என்பது இங்கே வெறும் மின்சாரம் இல்லை, அந்தஸ்து. ஒரு ஃபேஸ் போனாலும் சுவிட்சைத் திருப்பி அடுத்த ஃபேஸில் ஃபேனைச் சுழலவிடுகிற வீடு தெருவில் தனியாகத் தெரியும்.

அடுத்தது திசை. திருவண்ணாமலை அக்னித் தலம். இங்கே அஷ்டதிக்குப் பாலகர்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை, எட்டுப் பேருக்கும் மலையைச் சுற்றி லிங்கம் இருக்கிறது. ஈ.பி. பெட்டி அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், இருக்க வேண்டும் என்பது வாஸ்துக்காரர் வாக்கு. சரி என்று போய்ப் பார்த்தால் அந்த மூலையில் ஏற்கெனவே சமையலறை. அதுவும் வாஸ்துப்படிதான். கேஸ் அடுப்புக்கு மேலேயும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயும் சுவிட்ச்போர்டு கூடாது என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732 சொல்கிறது. சாஸ்திரம் இரண்டு அக்னியையும் ஒரே மூலைக்கு அனுப்ப, தரநிலை ஒன்றை வெளியே போகச் சொல்ல, நடுவில் சார் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதாக்குறைக்கு ஈ.பி. கம்பம் இருப்பதோ நேர் எதிரே, வாயு மூலையில்.

கொட்டகையிலேயே வைக்கலாமா? போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே உண்டு. அமெரிக்க விதியும் மூன்றடி என்கிறது. கடல் கடந்து இரண்டு தேசங்கள் ஒத்துப்போன விஷயம். ஒத்துப்போகாதவர் சாரின் மனைவி. அந்த மூன்றடியில்தான் அரிசி மூட்டை, பழைய சைக்கிள், கொலுப்படி எல்லாம் நிற்கின்றன. "ஏங்க, சும்மா காலியா ஒரு எடத்த எதுக்கு உடணும்?" என்ற கேள்விக்கு எந்த விதிப்புத்தகத்திலும் பதில் கிடையாது.

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் சில இடங்களில் சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கொட்டகையின் விளக்கு தனி லைனில், மெஷின் பிளக் தனி லைனில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரம்பம் மரத்தில் திணறி எம்.சி.பி. விழுந்தால் விளக்கும் சேர்ந்து அணையும். ரம்பச் சக்கரம் நிற்கச் சில விநாடி ஆகும். அந்த இருட்டில் விரல் எங்கே இருக்கிறது என்று தேடக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் 'பி' வகை எம்.சி.பி. வேண்டாம், 'சி' வகை போடு என்றதும் சரி. வீட்டிலிருந்து கொட்டகைக்கு 20 மீட்டர். போகவர 40 மீட்டர் 2.5 ஸ்கொயர் வயரில் 10 ஆம்ப் ஓடினால் 3 வோல்ட் போய்விடும், மோட்டார் கிளம்புகிற நொடியில் 15 வோல்ட்டுக்கு மேல் இறங்கும், ஆகவே 6 ஸ்கொயர் இழு என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது எலக்ட்ரீஷியன் வாயடைத்துப் போனார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி.யைக் கேட்டு வாங்கியதும் சார்தான். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது, ஃபியூஸ் கேரியரில் முறுக்கிவிட்ட செம்புக்கம்பியும் முருகன் மேல் நம்பிக்கையும்.

எர்த் குழிதான் படுத்தியது. குழாயை இரண்டரை மீட்டர் இறக்கிக் கரியும் உப்பும் கொட்ட வேண்டும். மலையடிவார ஊர்; நாலடியில் கடப்பாரை டங்கென்றது. மூன்று இடம் மாற்றிக் கடைசியில் வாழை மரத்தடியில் மண் கிடைத்தது. வாழைக்கு ஊற்றுகிற தண்ணீரில் எர்த்தும் குளிரும் என்று மனைவி சொன்னதை சார் தன் யோசனையாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

போர்டு ஒருவழியாகக் கொட்டகையின் தெற்குச் சுவரில், தென்கிழக்கிலிருந்து இரண்டடி தள்ளி ஏறியது. வாஸ்துக்காரருக்கு 'அக்னி மூலைதான்', எலக்ட்ரீஷியனுக்கு 'மூலையில் இல்லை'. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், காசு தரேன், பூஜைக்கு ஒரு மணை செஞ்சு குடுங்களேன்" என்றார். சார் முகம் வெளுத்தது. காசு வாங்கினால் தொழிலாகிவிடும். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் டாரிஃப் மாறும். 2016இலிருந்து வருகிற 100 யூனிட் இலவசமும் போகும்.

"காசெல்லாம் வேணாம் சார். சும்மாவே செஞ்சு தரேன்."

"எப்போ கெடைக்கும்?"

அதற்குள் எலக்ட்ரீஷியனும் கேட்டுவிட்டார்: "ஆமா சார், மெஷினெல்லாம் எப்ப வருது?"

சார் ஏற்கெனவே மொட்டை மாடிப் படியில் பாதி ஏறியிருந்தார். கையில் புது நோட்டு. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். "மெஷின் கெடக்கட்டும் தம்பி. சாயங்காலம் மலை நெழலு நம்ம மாடில எத்தனை மணிக்கு விழுதுன்னு மொதல்ல பாக்கணும். அந்த டேப்பை எடுத்துட்டு மேல வா."