சென்னையின் தென்னெல்லை நகரும் வேகம்: ஓர் ஆய்வு

முதலில் ஒரு தெளிவுரை. இக்கட்டுரையில் வரும் திருவண்ணாமலை, கிரிவலத் திருவண்ணாமலை அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும் சீனிவாசப் பெருமாள் மலை. இவ்வூர்க்காரர் சென்னையில் ஊர்ப்பேரைச் சொன்னதும், ஆட்டோக்காரர் தாம் பௌர்ணமிக்குப் போய்வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். மறுக்காமல் தலையாட்டுவதே அறிஞர் துணிபு.

இனி ஆய்வு வினா: ராஜபாளையத்தில் ராத்திரி பஸ் ஏறுபவருக்குச் சென்னை எங்கே தொடங்குகிறது? மாநகராட்சி வரைபடம் இதற்கு உதவாது. விடிவதற்கு முன் கிளீனர் லைட்டைப் போட்டு, "இறங்குறவங்கல்லாம் வாங்க" என்று குரல் கொடுக்கிறாரே, அந்த இடந்தான் எல்லை. உடனே பாதி பஸ் எழுந்து சீட்டுக்கடியில் செருப்பைத் துழாவும். ஒரு கையில் பால்கோவா டப்பா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, கீழே வைக்க முடியாது. இன்னொரு கையில் போன்.

"எங்க மாப்ள வந்திருக்கீங்க?"

"ஒரு பாலம் தெரியுது மாமா."

"சென்னையில எங்க நின்னாலும் பாலந்தான் தெரியும். போர்டு ஏதும் இருக்கா?"

"ஜவுளிக்கடை போர்டு இருக்கு."

தரவு போதாமையால் மாப்பிள்ளையின் இருப்பிடத்தை நிறுவ இயலவில்லை.

ஆனால் எல்லை நகர்வதை நிறுவ முடியும். நம் அப்பாக்கள் பாரிமுனை வரை பஸ்ஸிலேயே போனார்கள். 2002இல் கோயம்பேடு வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது, பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே. மாமா வீட்டுக்குப் போக அங்கிருந்து இன்னொரு பயணம் தொடங்குவது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது. மாமியின் வசவுக்குள் வரும்.

கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். நகர்ந்து வர 21 ஆண்டு. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இதே வேகத்தில் போனால் 2373 வாக்கில் சென்னைப் பேருந்து நிலையம் நம் மலையடிவாரத்துக்கே வந்துவிடும். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் பெருமாளைச் சேவித்துக்கொண்டு, சென்னைக்கு என்ன வழி என்று கேட்கலாம்.

அவ்வளவு காலம் பொறுக்க முடியாதவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் வாருங்கள். எழும்பூர் ஸ்டேஷன் 1908இல் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. டிக்கெட் எழும்பூருக்கா, தாம்பரத்துக்கா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.