மஞ்சள் ஓடிப்போன கதை

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி நீ வாசிச்சுக் காட்டுன கட்டுரை இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. ஆம்ஸ்டர்டாம்காரரு யான் வான் ஹைசம் வரைஞ்ச பூச்சாடிப் படம், லண்டன் நேஷனல் கேலரியில இருக்குன்னே. அதுல சில இலை நீலமா இருக்காம். உடனே நீ, 'ஓவியரின் ஆறாத துயரமே நீலமாய்க் கசிகிறது'ன்னு எழுதிட்ட. ஆகா! கேட்டதும் எனக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

ஆனாலும் ஒன்னு கேக்கேன். உங்க அப்பத்தா மஞ்சள் நனைச்ச சேலையை வெயில்ல காயப்போட்டா என்னாகும்? நாலு நாள்ல வெளுத்துரும். சேலைக்குத் துக்கம்னா சொல்லுவ? அந்தக் காலத்துப் பச்சை அப்படித்தான்யா. செடிச்சாயத்துல எடுத்த மஞ்சளை நீலத்து மேல பூசுவாங்க. வருசக்கணக்கா வெளிச்சம் பட்டதுல மஞ்சள் ஓடிப்போச்சு, நீலம் ஒக்காந்துக்கிச்சு. அந்த மனுசன் தூரிகையைக் கீழ வச்சப்ப இலை பச்சைப்பசேல்னுதான் இருந்திருக்கும்.

மொறைக்காத. படத்துல உணர்ச்சியே இல்லைன்னு நான் சொன்னேனா? நீ தேடாத எடத்துல கெடக்கு. மார்கழிப் பூசணிப்பூவையும் சித்திரை வேப்பம்பூவையும் ஒரே நாள்ல பறிக்க முடியுமா? அந்தச் சாடியிலயும் வேற வேற பருவத்துப் பூவுதான் ஒன்னா நிக்குது. ஒவ்வொன்னும் பூக்குற வரைக்கும் காத்திருந்து, நேர்ல பாத்து வரைஞ்சிருக்காரு. அதான் 1736, 1737னு ரெண்டு வருசத்தையும் படத்துலயே எழுதி வச்சிட்டாரு. இன்னொரு படத்துக்கு மஞ்சள் ரோசா கெடைக்கல, அதனாலதான் முடிக்கலன்னு 1742ல கடுதாசியே போட்ட ஆளு. நமக்கு ஒரு பூவுக்காக ஒரு வருசம் காத்திருக்கப் பொறுமை உண்டா? கல்யாணப் பந்தியில ரசத்துக்கே காத்திருக்க மாட்டோம்.

எல்லாப் பருவத்தையும் ஒரு சாடிக்குள்ள பிடிச்சு அடைச்சவரு கையில, அந்த மஞ்சள் மட்டும் நிக்கல பாத்தியா? துயரம்னு எழுதணும்னா அதை எழுது. ஆனா அது அவரு தீட்டுனது இல்ல, காலம் தீட்டுனதுன்னு சேத்து எழுது.

இனிமே ஒரு படத்தைப் பாத்தா, மனசு என்ன சொல்லுதுன்னு கேக்குறதுக்கு முன்னால சாயம் என்ன சொல்லுதுன்னு கேளு.

அப்புறம், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னேன்ல? அதை வச்சு இன்னொரு கட்டுரை எழுதிராத சாமி. நீ வாசிக்கையில நான் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்.